நாலு இறக்கை

மாட்டைப் பிடித்துக் கொடுத்த அன்றுதான் இளஞ்செழியனுக்கு விஷயம் உறைத்தது.

அதுவரை மனைவி ஜெயபாரதி ஓசூருக்குப் போவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் எழில்மொழிக்கும் மருமகனுக்கும் அங்கே வேலை. பிள்ளைக்கு எட்டு மாதம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "ஒரு ஆறு மாசம் இருந்துட்டு வருவா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மூன்றாம் தேதி காலையில் அவள் கறவை மாட்டைக் கன்றோடு ஓட்டிக்கொண்டுபோய் எதிர்வீட்டு அகிலாண்டத்தின் கொட்டகையில் கட்டினாள். திரும்பி வந்து தவிட்டு டிரம்மையும் தண்ணீர்த் தொட்டியையும் உருட்டிக்கொண்டு போனாள். பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போகிற மாட்டோடு யாரும் தொட்டியைக் கொடுப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டதே அந்த மாட்டின் மூலமாகத்தான்.

சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேளைக்குச் சோறு இருக்கும். வேட்டி துவைத்துக் காயும். அவருக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் தலைமாட்டுக்கு வந்துவிடும். பேச்சுதான் நேரே வராது. "லெச்சுமி, மேக்க கருக்குதே, களத்துல கெடக்குற உளுந்த யாரு மூடுவா, நீயா மூடுவே?" என்று கொட்டகையிலிருந்து குரல் கேட்கும். இவர் எழுந்து படுதாவைத் தேடுவார். "படுதாவ எலி கடிச்சுக் கெடக்குன்னு சொல்லு லெச்சுமி" என்பார். "பரண்ல புதுசு இருக்குன்னு ஒங்கய்யாகிட்ட சொல்லும்மா" என்று பதில் வரும். மாடு இரண்டு பக்கமும் காதை ஆட்டிவிட்டு அசைபோடும். அந்த ஊரில் எந்தப் பஞ்சாயத்தாரும் இவ்வளவு பொறுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது நடுவில் அதுவும் இல்லை. அன்று மத்தியானம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மடவை மீன் குழம்பு. அவருக்குப் பிடித்த குழம்புதான். ஆனால் "கொழம்பு இன்னும் கொஞ்சம்" என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

காரணம் அவர் வாங்கிய படகு. சரியாகச் சொன்னால், படகுக்காக விற்ற நிலம்.

ஜெயபாரதியின் அப்பா கல்யாணத்தின்போது இரண்டு மா நன்செயை, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, மஞ்சக்காணியாகக் கொடுத்திருந்தார். மகளின் மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று பிறந்த வீட்டார் எழுதிவைக்கிற நிலம். எழுதியது என்னவோ மாப்பிள்ளை பெயரில்தான். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அதை அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறால் பண்ணைக்காரர் ஒருவருக்குக் கிரயம் செய்துகொடுத்தார். பயறு எடுக்கப் போனவள், வரப்பில் பொக்லைன் நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. அன்றைக்கு நின்றது பேச்சு.

அந்தப் பணத்தில் கொச்சிப் பக்கம் மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து லாரியில் வந்து இறங்கியது அந்தப் படகு. முப்பது வருஷப் பழசு. வெள்ளையில் சிவப்புக் கோடு. நடுவில் எட்டு சிலிண்டர் எஞ்சின், அதற்கு முன்னால் கயிறு கட்ட ஒரு கம்பம். ஊரே கூடி வந்து பார்த்தது. "மீன் புடிக்கவா அண்ணே?" என்று கேட்டார்கள். இல்லை. "ஆளு ஏத்தவா?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்கு?" என்று கேட்டபோது துணியை எடுத்துப் படகைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இளஞ்செழியன் பஹ்ரைனில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஊரில் எல்லோரும் கார் டிரைவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓட்டியது கடற்கரை கிளப் ஒன்றில் இதே மாதிரி ஒரு படகை. வெள்ளைக்காரர்களும் அரபிகளும் காலில் பலகையை மாட்டிக்கொண்டு, கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் படகை இழுக்க, எழுந்து தண்ணீர்மேல் நின்று சறுக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாகப் பழகுகிறவர்களை எழுப்புவதில் அவர் கையைப்போல இன்னொரு கை அந்தக் கிளப்பில் கிடையாது. வெடுக்கென்று இழுத்தால் கை பிடுங்கிக்கொள்ளும். தயங்கி இழுத்தால் முகம் தண்ணீரைக் குடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இழுப்பு இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையை, அறுபத்தைந்து வயதுப் பெண்மணியை, ஒரு காலில்லாத ஆளைக்கூட அவர் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்.

முதல் விடுப்பில் வந்தபோது இதை ஜெயபாரதியிடம் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லிக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்கு சம்பளம் வேற குடுக்குறானா?" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்த வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் சிரிப்பு உள்ளே தங்கிவிட்டது. ஊரோடு வந்து தங்கிவிட்ட பிறகு, தான் என்ன வேலை பார்த்தோம் என்பது இந்த மண்ணில் ஒரு உயிருக்கும் தெரியாது என்ற நினைப்பு அவரை அரிக்க ஆரம்பித்தது. கட்டினவள் ஒருத்தியாவது ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அதற்காக அவளுடைய மண்ணையே விற்றார் என்றால், அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது?

அப்படியும் அவள் பார்க்கவில்லை. படகு கடைமடைச் சட்ரஸ் மதகுக்குக் கீழே, உப்புத்தண்ணீர் ஏறி இறங்குகிற ஆற்றில் கிடந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. போன ஐப்பசி வெள்ளத்தில் கட்டுவலைக் கம்பத்தில் மோதி, அடியில் இருந்த புரப்பல்லர், அந்தத் தண்ணீர்க் காத்தாடி, நட்டோடு கழன்று சேற்றுக்குள் போய்விட்டது. மூன்று நாள் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கிக் காலால் துழாவியும் கிடைக்கவில்லை. அதிலிருந்து படகு கரையோரச் சேற்றில் பனந்துண்டுகள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மாடு போன அன்று சாயங்காலமே அவர் பஞ்சநதத்தைத் தேடிப் போனார். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதுவாக இருந்தாலும் பஞ்சநதத்தின் கை பட்டிருக்கும். ஒரு போர்செட்டுக்கு அடியில் படுத்திருந்தவன் தலையை மட்டும் நீட்டினான்.

"பஞ்சநதம், போட்டுக்குப் புதுக் காத்தாடி போடணும்."

"இப்பவா அண்ணே? அறுப்பு முடிஞ்சு எல்லாரும் மோட்டாரத் தூக்கிட்டு வர்ற நேரம்."

"பதினாலாம் தேதி அவ ஓசூர் போறா."

பஞ்சநதம் எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே. "மாட்டக் குடுத்துட்டாங்களாமே" என்றான் மெதுவாக. பிறகு, "காலையில வரேன், அளவு எடுத்துடலாம்" என்றான்.

காலையில் இருவரும் படகுக்குள் இறங்கினார்கள். அச்சு ஒரு அங்குலக் கனம், நுனி கூம்பி, காத்தாடியை அச்சோடு பூட்டுகிற இரும்புச் சாவி உட்காரக் கால் அங்குலப் பள்ளம். அடிப்பலகைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் குச்சியால் அளந்து, பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் காத்தாடி போனால் இடிக்கும் என்று கணக்குப் போட்டான் பஞ்சநதம். இனி சுற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பி முன் கியரில் போடச் சொன்னான். எஞ்சினுக்கு முன்னால் குத்தவைத்து, அச்சு பின்னோக்கிப் போகிற திசையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"கடியாரம் சுத்துற பக்கம் அண்ணே. வலது சுத்து."

"நல்லாப் பாத்தியா?"

"ஆயிரம் மோட்டார் பாத்துருக்கேன் அண்ணே. எனக்கா தெரியாது?"

மறுநாள் பஸ் பிடித்து நாகப்பட்டினம் போனார். துறைமுகம் போகிற சாலையில் அப்துல் ஜலீலின் கடை. வாசலில் ஆள் உயரத்துக்குப் பித்தளைப் புரப்பல்லர்கள் சாய்த்து வைத்திருந்தன, எல்லாம் மீன்பிடி லாஞ்சுக்கு உரியவை. ஜலீல் அவர் வயதுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊரு லாஞ்சு?"

"லாஞ்சு இல்ல பாய். ஸ்கீ போட்டு. பஹ்ரைன்ல இருவத்திரெண்டு வருசம் இந்த மாதிரிதான் ஓட்டுனேன்."

ஜலீல் டம்ளரைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருசமா கடை வச்சுருக்கேன். இப்படி ஒருத்தர் வந்து கேட்டதில்ல. பழசு எங்க?"

"சேத்துல போயிடுச்சு."

"அதுல நம்பர் அடிச்சிருக்குமே. குறுக்களவு, பிச்சு எல்லாம். பாத்து வச்சுக்கலையா?"

"இல்ல பாய்."

"இருவது வருசத்துக்கு மேல ஓட்டுனேன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"ஓட்டுனதுதான் நான். அடியில பாக்க ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருந்தான். நான் ஸ்டேரிங்க விட்டு எறங்குனா அவன் வந்து ஏறிக்குவான். ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல."

"நல்ல உத்தியோகம்" என்று ஜலீல் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. உள்ளே போய்ச் சின்னதாக இரண்டு புரப்பல்லர்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஒன்றுக்கு மூன்று இறக்கை, இன்னொன்றுக்கு நாலு. "இது ரெண்டும் மாதிரிக்கு. நம்ம அளவுக்குக் கொச்சியிலேருந்து வரணும், அஞ்சு நாளு ஆகும். மொதல்ல பிச்சு சொல்லுங்க. மரத்துல மரையாணி திருகுறோம்ல, ஒரு திருகுக்கு எம்புட்டு உள்ள போவுது? அதான் பிச்சு. ஒரு சுத்துக்குப் போட்டு எத்தன அங்குலம் முன்னாடி போவணும்? கூட வச்சா வேகம் வரும், கெளம்பும்போது முக்கும். கொறச்சு வச்சா சட்டுனு கெளம்பும், இழுக்கும், வேகம் இருக்காது. ஒங்களுக்கு ஓடணுமா, இழுக்கணுமா?"

இளஞ்செழியன் யோசித்தார். இருபத்திரண்டு வருஷமும் இழுத்ததுதான் வேலை. ஆனால் இங்கே அந்த ஆற்றில் பலகை மாட்டிக்கொண்டு யார் நிற்கப்போகிறார்கள்?

"இழுக்க யாருமில்ல பாய்."

"அப்ப எத்தன பேர ஏத்துவீங்க?"

"ஒரே ஒரு ஆளு. ஒரே ஒரு தடவ."

ஜலீல் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இடுப்பு வலி உள்ள ஆளு" என்றார் இளஞ்செழியன். "நடவு நட்டு நட்டு வந்தது. தூக்கித் தூக்கிப் போட்டா தாங்காது. அதிராம போகணும்."

"வீட்டுலயா?"

அவர் தலையசைத்தார். ஜலீல் மூன்று இறக்கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். நாலு இறக்கையை இரண்டு கையாலும் தூக்கி அவர் மடியில் வைத்தார். "அப்ப இதான். மூணு எறக்க வேகமாப் போவும், ஆனா ஒதறும். நாலு எறக்க வெண்ணெ மாதிரி. பிச்சுல ஒரு அங்குலம் கொறச்சுக்குங்க, கெளம்புறது தெரியாது. வலது சுத்தா, எடது சுத்தா?"

"வலது. கடியாரம் சுத்துற பக்கம். எஞ்சின ஓட்டியே பாத்துட்டோம்."

எழுதிக்கொண்டார். திரும்பும்போது பஸ் வரைக்கும் கூட வந்தார் ஜலீல். "நம்ம வீட்டம்மா போய்ச் சேந்து நாலு வருசமாச்சு" என்றார், கேட்காமலே. "கடலுக்குள்ள ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடை, கடைன்னு நான்தான் போவல." பஸ் வந்துவிட்டது.

பார்சல் வர ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளும் ஜெயபாரதி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்தாள். வடகம் காயவைத்து டப்பாவில் அடைத்தாள். புடவைகளை மடித்து இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி பெட்டிக்குள் போனது, மறு பாதி ஊர்ப் பெண்களுக்குப் போனது. இவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். வெளியே வாடை நின்று வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அறுத்த தாளடி வயலில் உளுந்தும் பயறும் முழங்காலுக்குப் பச்சையாக நின்றன. பார்க்கப் பசுமையாகத்தான் இருந்தது. அவருக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி வற்ற நேரத்தில் பஞ்சநதமும் அவரும் இடுப்பளவு சேற்றில் நின்று புரப்பல்லரை ஏற்றினார்கள். அச்சில் ஒட்டியிருந்த சிப்பி கையைக் கிழித்தது. சாவியைத் தட்டி, நட்டை முறுக்கி, அது கழலாமலிருக்கப் பின்னை வளைத்துவிட்டுப் பார்த்தபோது, கறுத்த சேற்றுக்கு நடுவே அது மட்டும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தண்ணீர் ஏறியதும் படகு தானே மிதந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவர் நேரே கொட்டகைக்குப் போனார். உள்ளே சாணி காய்ந்த வாசனையும் வெறும் கட்டுத்தறியும்தான். ஜெயபாரதி அடுப்படியில் இருந்தாள், கேட்கிற தூரம். கட்டுத்தறியைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குக் காலையில போட்டு ஓடும். ஊருக்குப் போறவங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகலாம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவ்வளவுதான். அறுபத்தொரு வயதில் முளைக்குச்சியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் அவள் வந்தாள். காலை ஏழரை மணிக்குத் தூக்குவாளியில் இட்லியை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி வரப்பு வழியாக வந்தாள். தன்னுடைய இரண்டு மா நிலமும் இறால் குளமாகிக் கிடக்கிற இடத்தைத் தாண்டும்போது அவள் தலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பஞ்சநதம் கை கொடுக்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினாள்.

ஓட்டுகிறவரின் பக்கத்தில் பின்பக்கம் பார்த்தபடி ஒரு இருக்கை. கயிற்றில் வருகிறவர் விழுந்தால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் உட்கார வேண்டிய இடம். அதில் உட்கார்ந்தாள். அவர் முகம் முன்னால், அவள் முகம் பின்னால்.

எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. பஞ்சநதம் கயிற்றை அவிழ்த்தான். இளஞ்செழியன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லீவரை மெதுவாக முன்னால் தள்ளினார்.

படகு பின்னால் போனது.

போன வேகத்தில் கோரைப் புல்லுக்குள் பின்புறத்தைச் செருகிக்கொண்டு நின்றது. பஞ்சநதம் கரையில் நின்று கத்தினான்: "அண்ணே, ரிவர்ஸ்ல போட்டுட்டீங்க!"

அவர் ரிவர்ஸில் போடவில்லை. லீவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எங்கே தப்பு என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பம்பு மோட்டாரை எஞ்சின் பக்கம் நின்றுதான் பார்ப்பார்கள். பஞ்சநதம் அப்படித்தான் பார்த்தான், வேறு மாதிரி பார்க்க அவனுக்குத் தெரியாது. படகுக்கோ பின்னால் தண்ணீரில் நின்று முன்னோக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் வலமாகத் தெரிவது அந்தப் பக்கம் இடம். ஜலீல் எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கடல் தொழிலில் யாரும் அதைக் கேட்க வேண்டியிருந்ததில்லை. இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் ஓட்டியவருக்கு.

இருந்த ஒரு நாளும் போயிற்று. லீவரில் கையை வைத்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு நேராத்தாங்க போகுது" என்றாள் ஜெயபாரதி.

மாட்டிடம் சொல்லவில்லை. கட்டுத்தறியிடம் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பின்பக்கம் பார்த்தபடி, மடியில் தூக்குவாளியோடு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ரிவர்ஸ் கியரில் போட்டால் படகு முன்னால் போகும். கொஞ்ச நேரம் போகும். அந்தக் கியர் கரையை விட்டு விலகுவதற்கு உண்டானது. பழைய கியர்ப்பெட்டி, நெடுந்தூரம் தாங்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். லீவரைப் பின்னால் இழுத்தார்.

படகு கோரையை விட்டு வெளியே வந்து மூக்கைத் திருப்பியது. கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குத் தீனி கொடுத்தார். கிளம்பியதே தெரியவில்லை. ஜலீல் சொன்னது சத்தியம், அவள் மடியில் இருந்த வாளி மூடிகூட ஆடவில்லை. ஆறு அகலமாகி, இருபுறமும் அலையாத்தி மரங்கள் விலகிக்கொண்டன. கொக்குகள் எழுந்து உட்கார்ந்தன. பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து கரை வரைக்கும் போவதை ஜெயபாரதி பார்த்துக்கொண்டே வந்தாள்.

நடுவில் நண்டு வலைக்காரர்கள் கட்டிவிட்ட ஒரு பிளாஸ்டிக் கேன் மிதந்தது. அவர் வேகத்தைக் குறைத்து அதை அகலமாகச் சுற்றி வந்தார். தன் படகு எழுப்பிய அலையைத் தானே தாண்டாமல், கேன் துளியும் அசையாமல், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதெதுக்கு இப்படிச் சுத்துறீங்க?"

"ஆளு விழுந்துட்டா இப்படித்தான் போகணும். விழுந்தவன் பயந்து போயிருப்பான். அல அடிச்சா வாயில தண்ணி போயிடும். கிட்ட போறதும் தெரியக்கூடாது, கயிறு மட்டும் அவன் கைக்குப் போய்ச் சேரணும்."

அவள் கேனையே பார்த்தாள். "தெனமும் இதையா செஞ்சீங்க?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ செய்வேன்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொன்னேன். நீ சிரிச்சே."

"எப்ப சிரிச்சேன்?"

அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் தூக்கிச் சுமந்த சிரிப்பு, சிரித்தவளிடம் இல்லவே இல்லை. அவர் மறுபடி லீவரை இழுத்தார்.

ஆற்று வாய் தெரிகிற இடத்தில் எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது. எஞ்சின் ஓடியது, படகு நின்றுவிட்டது. அவர் எஞ்சினை அணைத்தார். காற்றில்லை. கடலிலிருந்து ஏறுகிற தண்ணீர் படகை மெல்லச் சுற்றிவிட்டு ஒரு மரத்தின் ஓரமாகச் சேர்த்தது. பஞ்சநதத்துக்குப் போன் போட்டார். மீன்பிடி வல்லம் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னான்.

ஜெயபாரதி தூக்குவாளியைத் திறந்து மூடியில் இரண்டு இட்லியை வைத்து நீட்டினாள். மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் மிதந்தது. சாப்பிட்டார்கள்.

"எழில் சின்னப் புள்ளையில மஞ்சக்காமால வந்து விழுந்து கெடந்தாளே" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "அப்ப நான் ஒத்த ஆளா தோள்ல போட்டுக்கிட்டு திருவாரூர் பஸ்ஸுல போனேன். மழ. புள்ள தல துவளுது. யாராவது நீங்க சொன்ன மாதிரி ஒரு கயித்தக் கையில குடுத்தா பரவால்லன்னு இருந்துச்சு."

அவர் அந்த நாளில் தான் யாரை எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தார்.

"அந்த மண்ண ஏன் என்னக் கேக்காம வித்தீங்க?"

இரண்டு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தார். அவற்றில் எதையும் எடுக்காமல் உள்ளதைச் சொன்னார்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள். "வேண்டாம்னு சொல்லிட்டு, ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துட்டு, அப்புறம் ஒங்களோட கொச்சிக்கு வந்திருப்பேன். போட்டு வாங்க."

அவர் கையில் பாதி இட்லி இருந்தது. வைக்கவும் தோன்றவில்லை, வாயில் போடவும் முடியவில்லை.

"இப்ப?" என்று கேட்டார்.

"இப்ப எழிலுக்கு வரேன்னு சொல்லிட்டேன். எனக்கும் அங்க இருக்கணும்போலத்தான் இருக்கு. அந்த வீட்டுல நாள் முழுக்க யாராவது பேசிக்கிட்டே இருக்காங்க." தூக்குவாளியை மூடிக்கொண்டே, "வருவேன்னு பொய் சொல்ல வாய் வரலங்க" என்றாள்.

தூரத்தில் வல்லத்தின் மோட்டார் சத்தம் கேட்டது. நண்டுக்குப் போகிற ரெத்தினம்தான் வந்தார். கயிற்றைத் தூக்கிப் போட, இளஞ்செழியன் அதை முன்பக்கம் முடிந்தார். இழுவையில் படகு ஆடி ஆடிப் போனது. ரெத்தினத்துக்கு இழுக்கத் தெரியவில்லை, வெடுக் வெடுக்கென்று கயிறு அறைந்தது. ஜெயபாரதி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டு வந்தாள். கரை வரும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கார் வந்தது. இரண்டு பெட்டி, ஒரு வடகம் டப்பா, பேரப்பிள்ளைக்குக் கேழ்வரகு மாவு. எல்லாவற்றையும் அவரே ஏற்றினார். ஏற்ற இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இல்லை.

ஜெயபாரதி கையில் பையோடு வாசல்படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அரிசி ரெண்டு மூட்டை இருக்கு. பழசு வடக்கோரம், அத மொதல்ல எடுங்க. பால் அகிலாண்டம் கொண்டாந்து குடுப்பா, நீங்க சொம்ப மட்டும் கழுவி வச்சுடுங்க. கேஸுக்குப் போன் பண்ற நம்பர் காலண்டருக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். பிரஷர் மாத்திர காலையில சோத்துக்கு முன்னாடி, சக்கர மாத்திர பின்னாடி. மாத்திப் போட்டுறாதீங்க. கொல்லக் கதவு தாப்பா எறங்காது, கதவத் தூக்கிப் போடணும். ஊறுகாயில ஈரக் கரண்டிய விடாதீங்க. ரசத்துக்குப் புளி நெல்லிக்கா அளவு போதும்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதில்லை. சொல்லி முடித்துவிட்டாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான்.

"எல்லாம் வெளங்குச்சா?"

எல்லாம் விளங்கிற்று. ஒரு வார்த்தை தவறாமல் மனதில் இருந்தது.

"மொதல்ல சொன்னது மறந்துபோச்சு" என்றார்.

ஜெயபாரதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிரைவரிடம் கையைக் காட்டி அணைக்கச் சொன்னாள். பையைக் கீழே வைத்துவிட்டு, அரிசி மூட்டையிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.